தேயிலைச் சரிவுக்குப் பரிசு, யானை லத்திக்கு இடமில்லையா?

மூணாறில் இயற்கைப் புகைப்படப் போட்டி நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். இந்த முறை முதல் பரிசு வாங்கிய படத்தைப் பார்த்தேன். அதிகாலைப் பனிக்குள் அலையலையாய்த் தேயிலைச் சரிவு. நல்ல படம், எடுத்தவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எங்கள் லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் இருக்கும் பையன் அனுப்பிய படத்தை 'மனிதத் தடயம் உள்ளது' என்று தள்ளிவிட்டீர்கள். அவன் எடுத்தது யானை லத்தி, அதாவது யானைச் சாணம். பாதி காய்ந்த உருண்டை, நாரும் புல்லுமாக. அதன் நடுவே பளபளவென்று ஒரு பிஸ்கட் கவர், எழுத்துகூட அழியாமல். ஓரத்தில் ஒரு சாணவண்டு.

சரி, தேயிலைச் சரிவில் மனிதத் தடயம் இல்லையா? 1880 வாக்கில்தான் இங்கே தேயிலை வைக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன் இவை சோலைக்காடும் புல்வெளியும். மரமாக வளரக்கூடிய செடியைக் கவாத்து வெட்டி இடுப்புயரத்தில் நிறுத்துவது எங்கள் ஆட்களின் கை. ஆலை அடுப்புக்கு விறகு வேண்டுமென்று கிராண்டிஸ் என்ற யூகலிப்டஸ் மரத்தை நட்டதும் மனிதன்தான். இந்த மலையில் நடந்த ஆகப்பெரிய மாற்றம் அந்தப் பச்சைதான். அது கண்ணுக்கு அழகாக இருப்பதால் இயற்கை என்று எடுத்துக்கொண்டீர்கள்.

உலக அளவில் பல போட்டிகள் பின்பற்றும் விதியும் மனிதத் தடயத்தை அடியோடு விலக்கவில்லை. உயிரினத்தின் கதையோடு பிரிக்க முடியாமல் கலந்திருந்தால் ஏற்கலாம் என்கிறது. யானையின் வயிற்றுக்குள் போய் வந்ததைவிட வேறென்ன கலப்பு வேண்டும்?

படத்துக்குப் பலம் உண்டு. 1871இல் புகைப்படக்காரர் வில்லியம் ஹென்றி ஜாக்சன் அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் எடுத்த படங்கள், மறு ஆண்டே அது தேசியப் பூங்காவாகத் துணைநின்றன. அந்த நிலத்தில் தலைமுறைகளாக வாழ்ந்த பழங்குடிகளை அந்தக் காட்சிகளில் தேட வேண்டியிருக்கும். அப்புறம் அவர்களை வெளியேற்றுவதும் எளிதாகிப் போனது. ஆளை மறைத்து எடுக்கும் படம் அப்பாவிப் படம் இல்லை. 2017இல் புகைப்படக்காரர் பிப்லப் ஹஸ்ராவின் படம் மறைக்காமல் காட்டியது: வங்கத்தின் பாங்குராவில் மனிதர்கள் எறிந்த நெருப்பிலிருந்து தப்பி ஓடும் யானையும் குட்டியும். அதற்கு ஒரு வனவிலங்குப் புகைப்பட விருதே கொடுத்தார்கள்.

அடுத்த போட்டியில் இந்த விதியை மாற்றுங்கள். 'சுற்றுச்சூழல்' என்று தனிப் பிரிவு வைத்து ஒதுக்க வேண்டாம், இயற்கைப் பிரிவிலேயே சேருங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே இடம், தேதி, அந்த நிலத்தில் முன்பு என்ன இருந்தது என்று இரண்டு வரி கேளுங்கள். அந்தப் பையனின் படத்தை இந்த ஆண்டுக் கண்காட்சியிலேயே, பரிசு பெற்ற படத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள்.

இப்படிக்கு,
மூணாறு தோட்டத்துக்காரன் ஒருவன்