‘மெனி வொர்க்ஸ்’ எங்கிருந்து வருகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் இதழின் ஆங்கிலப் பயிற்சிப் பக்கத்தில், எண்ணக்கூடிய, எண்ண முடியாத பெயர்ச்சொற்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தீர்கள். பட்டியலில் பிழையில்லை. ஆனால் தமிழ்ப் பிள்ளைகள் இடறும் இடம் அதில் தெரியவில்லை.

அரிசி, தண்ணீர், மணலில் யாரும் தவறுவதில்லை. தமிழிலும் அவற்றைப் படி, குடம், லோடு என்று அளக்கத்தான் செய்கிறோம். தமிழ் எண்ணி, ஆங்கிலம் எண்ணாமல் விடும் சொற்களில்தான் வம்பு. ‘நிறைய வேலைகள் இருக்கின்றன’ என்ற நினைப்பு ‘மெனி வொர்க்ஸ்’ ஆகிவிடுகிறது. ‘எ லாட் ஆஃப் வொர்க்’ என்பதே சரி. எண்ணியே ஆகவேண்டும் என்றால் ‘ஜாப்ஸ்’, ‘டாஸ்க்ஸ்’ இருக்கின்றன. (பொதுப்பணித் துறையின் ஆங்கிலப் பெயரில் உள்ள ‘வொர்க்ஸ்’ வேறு; அது கட்டுமானப் பணிகளைக் குறிப்பது.) ‘ஓர் அறிவுரை’, ‘இரண்டு தகவல்கள்’ கதையும் இதேதான். அரிசிக்கு மூட்டை போல அட்வைஸுக்கும் இன்ஃபர்மேஷனுக்கும் ‘பீஸ்’ (‘எ பீஸ் ஆஃப் அட்வைஸ்’) என்று சொன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் பிடிபடும். கடைப் பலகைகளில் ‘ஃபர்னிச்சர்ஸ்’ என்று தினமும் பார்ப்பதால் அந்தச் சொல்லைத் திருத்தத்தான் அதிக நாளாகிறது. ‘ஹேர்’ இரண்டு பக்கமும் நிற்கும்: தலைமுடி முழுதும் எண்ணாத ‘ஹேர்’, சாம்பாரில் கிடக்கும் ஒற்றை முடி ‘எ ஹேர்’.

பெயரடைக்கும் (அட்ஜெக்டிவ்) இதே வழிதான். அளவு, நிறம், பொருள் என்ற வரிசையில் பெரிய தொல்லை இல்லை. ‘சின்ன சிவப்புப் பட்டுப் பை’ அப்படியே ‘எ ஸ்மால் ரெட் சில்க் பேக்’. ஆனால் தமிழில் பெயரடை எப்போதும் பெயருக்கு முன்னால்தான் வரும். அதனால் ‘தூங்குகிற குழந்தை’யை ‘அஸ்லீப் சைல்ட்’ என்று எழுதிவிடுகிறார்கள். அஸ்லீப், அலைவ், அஃப்ரெய்ட் போன்றவை பெயருக்கு முன்னால் நிற்காது. ‘தி சைல்ட் இஸ் அஸ்லீப்’ அல்லது ‘எ ஸ்லீப்பிங் சைல்ட்’ என்றுதான் எழுத வேண்டும். ‘இனிப்பாக ஏதாவது’ என்பதும் திரும்பி ‘சம்திங் ஸ்வீட்’ ஆகும்.

தமிழே கைகொடுக்கும் இடமும் உண்டு. ‘ஃபைவ் இயர்ஸ் ஓல்ட் பாய்’ என்று எழுதும் பிள்ளையிடம், ‘ஐந்து வயதுகள் பையன்’ என்று சொல்வோமா என்று கேட்டால் போதும். ‘இயர்’ தானாக ஒருமைக்கு வந்துவிடும்.

அடுத்த இதழிலிருந்து ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில், அந்தத் தவறைத் தூண்டும் தமிழ்த் தொடரையும் அச்சிடுங்கள். கற்போர் அகராதிகளில் பெயர்ச்சொல்லை ஒட்டி வரும் ‘சி’ (எண்ணக்கூடியது), ‘யு’ (எண்ண முடியாதது) குறிகளைப் பார்க்கவும் ஒரு வரி சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர்.