மகிழ்ச்சி ஹார்மோன் அட்டவணை போடும் ஆசிரியர்களுக்கு

நலவாழ்வு இணைப்பிதழ்களின் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கும் ஆள். சென்ற மாதம் நடந்த மாதிரித் தேர்வில் மாணவன் ஒருவன் எழுதியது இது: "நார்எபிநெஃப்ரின் சுரக்காத விலங்குக்குப் பயமே இருக்காது. எந்த எதிரியையும் அது எதிர்த்து நிற்கும்." அழைத்து, எங்கே படித்தாய் என்று கேட்டேன். நோட்டில் ஒட்டி வைத்திருந்த ஒரு வண்ண அட்டவணையைக் காட்டினான். உங்களில் யாரோ வெளியிட்டது. செரோட்டோனின்: மகிழ்ச்சி ஹார்மோன். டோபமைன்: இன்ப ஹார்மோன். நார்எபிநெஃப்ரின்: பய ஹார்மோன். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு மஞ்சள் முகம். மகிழ்ச்சிக்கு மட்டும் கூடுதலாக ஒரு வாழைப்பழம்.

பையனைக் குறை சொல்ல முடியவில்லை. அட்டவணை சரியென்றால் அவன் விடையும் சரிதான். சுவர்க்கோழி என்ற பூச்சிதான் ஒத்துக்கொள்ள மறுக்கிறது.

முதுகெலும்புள்ள விலங்குகளில் நார்எபிநெஃப்ரின் பார்க்கும் வேலையைப் பூச்சிகளில் ஆக்டோபமைன் என்ற வேதிப்பொருள் பார்க்கிறது. இரண்டும் நெருங்கிய உறவு. இரண்டு ஆண் சுவர்க்கோழிகளை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டுப் பாருங்கள். முதலில் உணர்கொம்புகளால் ஒன்றையொன்று தட்டிப் பார்க்கும். பிறகு தாடைகளை விரித்து, கோத்துக்கொண்டு தள்ளும். சற்று நேரத்தில் ஒன்று திரும்பி ஓட, வென்றது சிறகுகளை உரசிப் பாடும். தோற்றது அதன்பின் வெகுநேரம் வேறு ஆணைக் கண்டாலே ஒதுங்கிப் போகும். நாம் இதற்குக் கோழி என்று பெயர் வைத்ததோடு நிறுத்திக்கொண்டோம். சீனர்கள் சேவற்சண்டை போலவே நூற்றாண்டுகளாகப் பந்தயம் கட்டி மோத விட்டிருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு கைப்பக்குவம் உண்டு: தோற்ற பூச்சியைக் குலுக்கி, மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தால் மறுபடி சண்டைக்கு வரும்.

இதன் சூட்சுமத்தை 2000இல் ஆய்வாளர்கள் ஹான்ஸ் ஹோஃப்மனும் பால் ஸ்டீவன்சனும் வெளியிட்டார்கள். தோற்றதைச் சற்றுப் பறக்க வைத்தாலே போதும், வீராப்பு திரும்பிவிடுகிறது. 2005இல் ஸ்டீவன்சன் குழு இன்னும் உள்ளே போய்ப் பார்த்தது. செரோட்டோனினை வற்ற வைத்த பூச்சிகளும் பறந்தபின் சண்டைக்கு வந்தன. ஆக்டோபமைன் வந்து ஒட்டிச் செயல்படும் இடங்களான ஏற்பிகளை மருந்தால் அடைத்தபோதோ, பறந்தும் தோற்றவை தேறவில்லை. ஆக்டோபமைனையும் டோபமைனையும் சேர்த்து வற்ற வைத்தால் சண்டையில் சுரத்தே இல்லை. ஆக்டோபமைன் போலச் செயல்படும் மருந்தைக் கொடுத்ததும் பழைய மூர்க்கம் வந்துவிட்டது. பயத்தின் ரசாயனம் என்று நீங்கள் அச்சிட்டதன் உறவுக்காரன் செய்த வேலை இது.

பூச்சிதானே என்று தள்ளுவீர்கள். எலிக்கு வருவோம். அதன் மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்ற சிறு திட்டு. நீலநிற இடம் என்று பொருள். அதில் நார்எபிநெஃப்ரின் சுரக்கும் நரம்பணுக்கள், மூளையின் ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 1500தான். அவற்றின் இழைகள் பெருமூளைப் புறணி, சிறுமூளை, தண்டுவடம் எனப் போகாத இடம் குறைவு. எலி அசந்தால் இவற்றின் மின்துடிப்பு குறையும், கனவு உறக்கத்தில் ஏறக்குறைய அடங்கிவிடும், புதிய ஒலி கேட்டால் சடசடவென்று எழும். குரங்குகளில் கண்டறிந்ததையும் கவனிக்க வேண்டும். அடிப்படைத் துடிப்பு மிதமாக இருந்து, தேவையான கணத்தில் மட்டும் குபீரென எழுந்தால் குரங்கு தான் கவனிக்க வேண்டிய குறியைத் தவறவிடுவதில்லை. அடிப்படையே உயர்ந்துவிட்டால் கண் அலைகிறது, பிழை கூடுகிறது. ஒரே பொருள்தான், எவ்வளவு, எந்தத் தாளத்தில் என்பதைப் பொறுத்து நடத்தை மாறுகிறது. இதற்கு எந்த மஞ்சள் முகத்தை வரைவீர்கள்?

செரோட்டோனினுக்கும் இதே கதி. தனியே வாழும் பாலைவன வெட்டுக்கிளி தன் இனத்தைக் கண்டால் விலகும். நெரிசலில் பின்னங்கால்கள் உரசப்பட்டுக்கொண்டே இருந்தால் இரண்டு மணி நேரத்தில் கூட்டத்தைத் தேடத் தொடங்கும். மார்புப் பகுதி நரம்பு முடிச்சுகளில் ஏறும் செரோட்டோனின்தான் அதைத் திருப்பிவிடுகிறது என்று 2009இல் தெரியவந்தது. ராஜஸ்தான் வயல்களை 2020இல் மேய்ந்த படை மகிழ்ச்சியாக இருந்தது என்று தலைப்பு வைக்க உங்களுக்கும் மனம் வராது.

அட்டவணை போடுவதையே நிறுத்துங்கள் என்றால் பக்கம் நிரம்பாது, புரிகிறது. "ஹார்மோன்" என்ற தலைப்பின் கீழ் "விழிப்பு, கவனம், சண்டை, ஓட்டம்" என்று நான்கு சொற்களாவது சேருங்கள். அதற்கும் இடம் இல்லையென்றால் வாழைப்பழத்தை எடுத்துவிடுங்கள். அதிலுள்ள செரோட்டோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவதில்லை.