லேகியத்தைத் தொடவில்லை

அன்புள்ள சுந்தரம்,

நீ கொடுத்தனுப்பிய பூண்டு லேகியம் வந்து சேர்ந்தது. கோபித்துக்கொள்ளாதே, தொடவில்லை. ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரையோடு அதுவும் சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம், வேண்டாம் என்றார் டாக்டர்.

காலில் மாவுக்கட்டோடு கிடந்தபோது கெண்டைக்கால் ரத்தக்குழாயில் உறைந்த கட்டி நுரையீரலுக்கு ஏறி அடைத்த கதைதான் உனக்குத் தெரியுமே. மாத்திரை கட்டியைக் கரைப்பதில்லையாம். வளராமல் பிடித்து வைக்குமாம். கரைப்பது உடம்பின் வேலை. அது நடந்துகொண்டிருக்கிறது. இப்போது என்னைப் படுத்துவது வயிறுதான்.

அந்த மாத்திரையை, ரிவராக்சபன் 20 மில்லிகிராமை, சாப்பாட்டோடுதான் போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாக ஏறாது. எனக்கோ ராத்திரி ரெண்டு இட்லிக்கே வயிறு உப்பிவிடுகிறது. ஏப்பம் வராமல் நெஞ்சை அடைக்கும். போச்சு, மறுபடியும் கட்டி என்று மனசு அலறும். பதறிப்போய் மூச்சை வேகவேகமாக இழுக்க, காற்றையும் சேர்த்து விழுங்கி, வயிறு இன்னும் உப்பும். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டுவேன். 97 காட்டும். கொஞ்ச நேரத்தில் 96. அந்த ஒன்று எங்கே போயிற்று என்று விடியும்வரை விழித்திருப்பேன். சிரிக்காதே!

கடைசியில் வெட்கத்தை விட்டு டாக்டரிடமே கேட்டுவிட்டேன். சாப்பிட்டதும் எரிந்து, ஏப்பம் விட்டால் குறைந்தால் பெரும்பாலும் வயிறுதான். மூச்சை இழுக்கையில் குத்தினாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, மயக்கம் வந்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ நேரம் பார்க்காமல் வாருங்கள் என்றார். மலம் தார் போலக் கறுத்தாலும் அப்படித்தான். இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்குமாம், ஆனால் அதை நாமே முடிவு செய்யக் கூடாது. முழங்கால் வலிக்கு டைக்லோபினாக் பக்கம் போகாதீர்கள், பாராசிட்டமால் போதும் என்றும் சொன்னார். ஆசுபத்திரிக்கு ஓட வேண்டியது எதற்கு என்று தெரிந்த பிறகு மற்றதற்கெல்லாம் பயம் பாதியாகிவிட்டது. மீதிப் பாதி இருக்கத்தான் செய்கிறது.

மீட்டரை மரகதம் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். தெருமுனைவரை நடந்துவிட்டு வந்து வழக்கத்தைவிட மூச்சு வாங்கினால்தான் தருவாளாம். இதுவரை சாவி கிடைக்கவில்லை. ராத்திரி இட்லியைச் சீக்கிரமே முடித்து, உடனே படுக்காமல் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறேன். நெஞ்சு எரிச்சல் குறைந்திருக்கிறது.

உன் மகள் கல்யாணத்துக்குக் கட்டாயம் வருவேன். பஸ்ஸில் முடங்கி உட்காரக் கூடாது, ரயிலென்றால் அவ்வப்போது எழுந்து நடக்கலாம். முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று எழுது, டிக்கெட் போட வேண்டும்.

உன்,
கணபதி