ஆடிக் காட்டினால்தான் தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சில நாட்களுக்கு முன் உங்கள் நாளிதழில் ஒரு வாசகர் கடிதம் வந்திருந்தது. ஆட்டம், பாட்டு, ஓவியம் இதையெல்லாம் ஆய்வு என்று ஏற்றுக்கொண்டு முனைவர் பட்டம் கொடுத்தால் அந்தப் பட்டத்துக்கு என்ன மதிப்பு இருக்கும், நன்றாக ஆடுபவர்களுக்குக் கலைமாமணி விருது இருக்கிறதே, போதாதா என்று கேட்டிருந்தார். அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார், படித்ததும் தெரிந்தது. ஆனால் அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை.

நான் கும்பகோணத்தில் இருபத்தாறு வருடங்களாகப் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கிறேன். கரணங்களைப் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டமும் வாங்கியிருக்கிறேன். சலங்கை, தட்டச்சு என்று இரண்டோடும் பல வருடம் மல்லுக்கட்டியவள் என்பதால் சொல்கிறேன், என் ஆய்வேட்டில் உருப்படியான பகுதி எதுவோ அது அந்த முந்நூறு பக்கத்தில் இல்லை.

கரணம் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய நாட்டிய இலக்கண நூலான நாட்டிய சாஸ்திரத்தின் நான்காவது அத்தியாயத்தில் 108 கரணங்கள் வருகின்றன. கையும் காலும் சேர்ந்து இயங்குவது கரணம் என்று அங்கே இலக்கணம் சொல்லப்பட்டிருக்கிறது. இவற்றை நம் ஊர்க் கோயில்களில் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளத்தில் 81 கரணங்கள் உண்டு, மீதி 27க்குக் கல் ஒதுக்கி வைத்து அதைச் செதுக்காமலே விட்டுவிட்டார்கள். சிதம்பரத்தில் கிழக்கு, மேற்குக் கோபுர வாயில்களில் ஒவ்வொரு சிற்பத்தோடும் அதற்குரிய நாட்டிய சாஸ்திரச் செய்யுளையும் வெட்டியிருக்கிறார்கள். எங்கள் ஊர் சாரங்கபாணி கோயில் கோபுரத்திலும் கரணச் சிற்பங்கள் உள்ளன, தேர் பார்க்க வருபவர்கள் நிமிர்ந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

சிற்பி ஒரு கணத்தைத்தான் செதுக்க முடியும். ஆட்டம் எங்கே தொடங்கியது, எந்தக் கால் முதலில் போனது, உடம்பின் பாரம் எங்கே இருந்தது, அந்தச் சிற்பம் அசைவின் நடுவா, முடிவா, எதையும் கல் சொல்லாது. செய்யுளும் ஓரளவுக்கு மேல் வாய் திறக்காது. லலாட திலகம் என்று ஒரு கரணம். கால் கட்டைவிரலால் நெற்றியில் திலகம் இடுவது. செய்யுளில் காலை விருச்சிகமாக வைக்கச் சொல்லியிருக்கிறது, விருச்சிகம் என்றால் தேள், தேளின் கொடுக்குப் போலக் கால் பின்பக்கமாக மேலே வளைய வேண்டும். ஆனால் சிற்பத்தைப் போய்ப் பார்த்தால் கால் பக்கவாட்டில் நேராக மேலே போய் நிற்கிறது. பின்னால் வளைந்த கால் பக்கத்துக்கு எப்படி வந்தது? இரண்டில் ஒன்று தவறா, அல்லது இரண்டும் ஒரே அசைவின் வேறு வேறு கணங்களா?

இந்தக் கேள்விக்கு நூலகத்தில் உட்கார்ந்து பதில் கண்டுபிடிக்கவே முடியாது. நானும் மூத்த மாணவிகள் மூன்று பேரும் ஏறக்குறைய ஒன்றரை வருடம் தரையில் முயன்று பார்த்தோம். காலை முன்பக்கமாகத் தூக்கிப் போனால் சிற்பத்தின் தோற்றம் வந்துவிடும், ஆனால் அங்கிருந்து அடுத்த அசைவுக்குப் போக முடியாமல் உடம்பு பின்னால் சரிந்தது. விருச்சிகத்தில் தொடங்கி இடுப்பு மூட்டை வெளிப்பக்கமாகத் திருப்பிக்கொண்டே காலைச் சுழற்றினால், பாதி வழியில் அந்தச் சிற்பம் தானாக வந்து நின்றது, நின்ற காலுக்குப் பாரம் தாங்கவும் முடிந்தது. இதில் தோற்றுப்போன வழிகள் பதினொன்று, அத்தனையையும் தேதி போட்டுக் காணொளியாக எடுத்து வைத்திருந்தேன். ஒரு மாணவிக்கு ஆறாவது வழியில் தொடைச் சதை பிடித்துக்கொண்டு மூன்று வாரம் ஆட முடியவில்லை, அது கூட என் குறிப்பேட்டில் இருக்கிறது, ஏனென்றால் உடம்பு மறுத்த வழியும் ஒரு சான்றுதான். நான் கண்டதுதான் முடிந்த முடிபு என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்துச் சரி, தவறு சொல்லும்படி அதை வைத்தேன்.

சரி, இதற்கு என்ன நடந்தது? காணொளிகளை ஒரு குறுந்தகட்டில் போட்டு ஆய்வேட்டின் பின் அட்டைக்குள் ஒரு காகித உறையில் செருகச் சொன்னார்கள். வாய்மொழித் தேர்வு ஒரு கூட்ட அறையில் நடந்தது, நீளமான மேசை, சுற்றிலும் நாற்காலி, கீழே வழுக்கும் டைல்ஸ். ஆடிக் காட்டட்டுமா என்று கேட்டேன். நேரமில்லை, சொன்னாலே போதும் என்றார்கள். அந்த உறை பிரிக்கப்படாமல் இருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். என்னிடம் கேட்ட கேள்விகளில் பாதி அடிக்குறிப்புகளைப் பற்றியது, ஒன்று கூட லலாட திலகத்தைப் பற்றியது இல்லை. யாரையும் குறை சொல்லி எழுதவில்லை, அவர்கள் விதிப்படிதான் நடந்தார்கள். அந்த விதியில் ஆட்டத்துக்கு இடமே இல்லை என்பதுதான் என் குறை. பட்டம் கிடைத்த அன்று வீட்டுக்கு வந்து நான் அழுதேன், அது சந்தோஷ அழுகை இல்லை.

இந்த வழியில் நான் முதல் ஆள் இல்லை, எனக்கு வெகுகாலம் முன்பே நாட்டியக் கலைஞர் டாக்டர் பத்மா சுப்ரமணியம் போய்விட்டார். தொல்லியல் அறிஞர் டி.என். இராமச்சந்திரனின் வழிகாட்டுதலில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கரணங்களைப் பற்றி அவர் செய்த ஆய்வு, செய்யுள், சிற்பம், தன் சொந்த உடம்பு ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. கரணம் என்பது நிற்கும் நிலை இல்லை, அது ஒரு முழு அசைவு என்று அவர் சொன்னதை இன்று நாங்கள் எல்லோரும் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். அவருடைய மீட்டெடுப்பை ஏற்காத நாட்டியக் கலைஞர்களும் உண்டு. இருக்கட்டும், ஆய்வென்றால் மறுப்பும் வரத்தான் செய்யும். ஆனால் அவரை மறுக்க வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். எழுந்து நின்று, இப்படியும் போகலாம் என்று ஆடிக் காட்ட வேண்டும். மறுப்புக்கே ஆட்டம் தேவைப்படும்போது, ஆய்வுக்கு மட்டும் அது தேவையில்லை என்று எப்படிச் சொல்வது?

இன்னும் பின்னால் போகலாம். இசை ஆய்வாளர் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் சுருதிகளை, அதாவது சுரங்களுக்கு இடையிலான நுண்ணிய அளவுகளைப் பற்றித் தான் கண்டதைச் சொல்ல 1916இல் பரோடா இசை மாநாட்டுக்குப் போனபோது, கட்டுரையை மட்டும் கொண்டுபோகவில்லை, தன் வீட்டுப் பெண்களையும் அழைத்துப்போய்ப் பாடியும் வாசித்தும் காட்ட வைத்தார். அவருடைய 'கருணாமிர்த சாகரம்' என்ற இசை நூல் அடுத்த வருடம்தான் அச்சில் வந்தது. சுவாமி விபுலானந்தரை எடுத்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வந்தவர், அறிவியல் படித்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். சிலப்பதிகாரத்தில் வரும் யாழ் எப்படி இருந்திருக்கும், அதில் எத்தனை நரம்பு, எந்த நரம்பில் எந்தச் சுரம் என்று பல வருடம் கணக்குப் போட்டார். 1947 ஜூன் மாதம் 'யாழ் நூல்' திருக்கொள்ளம்பூதூர் கோயிலில் அரங்கேறியது, எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை. அவர் கணக்குப்படி செய்த யாழ்களை அங்கே கொண்டுவந்து வைத்து மீட்டிக் காட்டினார்கள். நூலை வாசித்தால் மட்டும் போதும் என்று அவர் நினைத்திருந்தால் தச்சரிடம் எதற்குப் போக வேண்டும்? கணக்குச் சரிதானா என்பதை மரமும் நரம்பும்தான் சொல்லும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்த மாதமே அவர் காலமாகிவிட்டார். அந்த யாழ்களைத் தொடர்ந்து செய்து பார்க்கவும், திருத்தவும், மறுக்கவும் ஒரு பெரிய ஆய்வு மரபே நம்மிடம் வளர்ந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்து எழுத்தில் வந்த அளவுக்கு மரத்தில் வரவில்லை.

வெளிநாட்டில் இது புதுசும் இல்லை. பின்லாந்தில் சிபேலியஸ் அகாதமி என்ற இசைக் கல்வி நிறுவனத்தில் பல பத்தாண்டுகளாகவே தொடர் கச்சேரிகளையும் ஓர் எழுத்துப் பகுதியையும் சேர்த்துத்தான் முனைவர் பட்டத்துக்கு மதிப்பிடுகிறார்கள். நார்வே 2003இல் இதற்கென்று ஓர் உதவித்தொகைத் திட்டம் தொடங்கி, 2018இல் முழு முனைவர் பட்டமாகவே ஆக்கிவிட்டது. 1993இல் கிறிஸ்டோபர் ஃப்ரேலிங் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் கலையைப் பற்றிய ஆய்வு, கலைக்கான ஆய்வு, கலை வழியான ஆய்வு என்று மூன்றாகப் பிரித்துச் சொன்னார், அங்கே இதைப் பற்றிய பேச்செல்லாம் அதிலிருந்துதான் தொடங்கும். நம் பல்கலைக்கழகங்களில் நடப்பது பெரும்பாலும் முதல் வகை. பக்கத்து அறையில் வீணை இருக்கும், வாசிக்கத் தெரிந்தவரே ஆய்வாளராக இருப்பார், ஆனாலும் வீணையைப் பற்றி யாரோ எழுதிய புத்தகங்களைப் பற்றி அவர் எழுதிக்கொண்டிருப்பார்.

அந்த வாசகரின் பயத்துக்கு வருகிறேன். அரங்கேற்றம் செய்த ஒவ்வொருவரும் அதையே கொண்டுவந்து பட்டம் கேட்பார்களே என்கிறார். நியாயமான பயம். நல்ல கச்சேரி வேறு, ஆய்வு வேறு, நானும் அதில் அவர் பக்கம்தான். மார்கழி மேடையில் அற்புதமாக ஆடுபவர் அதற்காக முனைவர் ஆகிவிட முடியாது, ஆக வேண்டிய அவசியமும் இல்லை. ஆடத் தொடங்கும் முன் ஒரு கேள்வி இருந்ததா, அதற்கு இதுவரை தெரியாத ஒரு பதில் ஆட்டத்தின் வழியாகக் கிடைத்ததா, தோற்ற முயற்சிகளையும் சேர்த்துப் பதிந்து வைத்திருக்கிறாரா, இன்னொருவர் அதைத் தொட்டுத் தொடர முடியுமா என்று கேட்க வேண்டும். எழுத்தும் கட்டாயம் வேண்டும், அதை விடச் சொல்லவில்லை. ஏன் இந்தக் கால், ஏன் அந்தக் கால் இல்லை என்று எழுதும்போதுதான் எனக்கே பல விஷயம் புரிந்தது. எழுத்து ஆட்டத்துக்கு விளக்கு பிடிக்கட்டும், ஆட்டத்தை வெளியே நிறுத்திவிட்டு அது மட்டும் உள்ளே போகக் கூடாது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறையில் வெளித்தேர்வாளர்கள் குறைந்தது இருவர், அவர்கள் நல்ல ஆய்வு வெளியீடுகள் உள்ள கல்வியாளர்களாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. இயற்பியலுக்குச் சரி. எனக்குத் தாளக்கட்டு சொல்லிக்கொடுத்த நட்டுவனார் எட்டாம் வகுப்பு. ஓர் அடவு, அதாவது ஆட்டத்தின் அடிப்படை அசைவு, அரை மாத்திரை தள்ளி விழுந்தால், பக்கத்து அறையில் இருந்துகொண்டு காதால் கேட்டே எந்தக் கால் தவறியது என்று சொல்லிவிடுவார். என் ஆய்வில் உண்மையிலேயே ஓட்டை இருந்தால் அதைக் கண்டுபிடித்திருக்கக்கூடியவர் அவர்தான், அவரை அந்த அறைக்குள் விட விதி இல்லை. அதே மானியக் குழுதான் பட்டம் இல்லாத துறை வல்லுநர்களையும் பேராசிரியராக அமர்த்தலாம் என்று 2022இல் சொன்னது, கலைஞர்களையும் கைவினைஞர்களையும் கல்வி நிறுவனங்களில் தங்கிக் கற்பிக்க வைக்க 2023இல் வழிகாட்டுதலும் கொடுத்தது. பாடம் நடத்த வரலாம், ஆய்வை மதிப்பிட மட்டும் வரக்கூடாது என்றால் எப்படி? நாட்டியம், இசை, சிற்பம் சார்ந்த ஆய்வுகளுக்கு மூன்றாவது தேர்வாளராக ஒரு மூத்த கலைஞரைச் சேர்க்க இடம் கொடுத்தாலே போதும், பாதி மாறிவிடும்.

அப்புறம் இந்தச் சேமிப்பு விஷயம். நம் ஆய்வேடுகள் எல்லாம் சோத்கங்கா என்ற இணையச் சேமிப்புத் தளத்தில் ஏறுகின்றன, எங்கிருந்தும் யாரும் படிக்கலாம், அது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் என் ஆய்வேடு ஏறியபோது எழுத்து மட்டும்தான் ஏறியது, குறுந்தகடு ஏறவில்லை. அது இப்போது எந்த அலமாரியில் இருக்கிறதோ, இருந்தாலும் அதைப் போட்டுப் பார்க்க இன்றைய கணினியில் இடம் கிடையாது. ஒன்றரை வருட உழைப்பு. எழுத்தை யாராவது காப்பி அடித்திருக்கிறார்களா என்று மென்பொருளில் போட்டுப் பார்க்கிறோம், பத்து சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் திருப்பி அனுப்புகிறோம், அத்தனை கவனம் எழுத்துக்கு. அதில் நூற்றில் ஒரு பங்கைக் காணொளிக்குக் காட்டினால் எனக்குப் பின்னால் வரும் பெண் அந்தப் பதினொரு வழியையும் திரும்ப முயன்று தொடையைக் கெடுத்துக்கொள்ள வேண்டியிருக்காது.

தமிழ்நாட்டில் இசைக்கும் கவின்கலைகளுக்கும் என்று 2013இல் தனிப் பல்கலைக்கழகமே வந்துவிட்டது. மாமல்லபுரம் சிற்பக் கல்லூரி, திருவையாறு இசைக் கல்லூரி, எங்கள் ஊர் கவின்கலைக் கல்லூரி என்று எத்தனை இடங்கள் இருக்கின்றன. உளி பிடித்தவரும் தூரிகை பிடித்தவரும் தன் கையாலேயே ஆய்வு செய்யலாம் என்று முதலில் விதி எழுத வேண்டியவர்கள் இந்த ஊர்க்காரர்கள்தான். பின்லாந்தைப் பார்த்து எழுத வேண்டாம், திருக்கொள்ளம்பூதூரைப் பார்த்து எழுதலாம்.

என் மாணவி ஒருத்தி இந்த வருடம் ஆய்வுக்குப் பதிவு செய்யப் போகிறாள். தஞ்சையில் செதுக்காமல் விட்ட அந்த 27 கரணங்கள்தான் அவள் கேள்வி. தஞ்சையில் அவற்றுக்குச் சிற்பம் இல்லை, செய்யுளையும் சிதம்பரம் போன்ற மற்றக் கோயில் சிற்பங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உடம்பை வைத்துத்தான் தேட வேண்டும். அவளுடைய வாய்மொழித் தேர்வாவது ஆடக்கூடிய தரை உள்ள ஓர் அறையில் நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் கூடி முயன்று பார்க்கிறோம். கடிதம் எழுதிய வாசகர் இந்தப் பக்கம் வந்தால் ஒரு மாலை வந்து உட்கார்ந்து பார்க்கட்டும், லலாட திலகத்தை இரண்டு வழியிலும் ஆடிக் காட்டுகிறோம். எது சரியென்று அவருக்குப் படுகிறதோ அதைச் சொல்லட்டும், அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு நாட்டிய ஆசிரியை,
கும்பகோணம்.