டயரில் எழுதியிருந்த 40

கண்ணு,

நீ கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்துவிட்டதாக அம்மா சொன்னாள். பொங்கலன்று காலையில் நீ தூங்கிக்கொண்டிருந்தபோது உன் பைக்கை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போனேன். சின்னப் பள்ளத்துக்கே ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளியது. திரும்பி வந்து பின் டயரைத் தடவினால் நடுவில் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது, ஓரம் இரண்டும் புதுசு போல. காற்று அதிகம் வைத்து ஓட்டிய டயர் அப்படித்தான் தேயும்.

எவ்வளவு காற்று வைக்கிறாய் என்று கேட்டதற்கு, "டயர்லயே 40-ன்னு போட்டிருக்குப்பா" என்றாய். அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதே டயர் பல வண்டிக்கும் போகிறது, உன் வண்டியின் கனம் அதைச் செய்தவனுக்கு எப்படித் தெரியும்? உனக்கு உரிய கணக்கு செயின் கவர் ஸ்டிக்கரில் இருக்கிறது. சேற்றை வழித்துப் பார்த்தேன்: காற்றழுத்தம் முன்னால் 25 பவுண்டு, பின்னால் 28. பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்கு மட்டும் கூடுதலாக ஒரு எண், அதற்குக் கீழேயே.

காற்றை அளவு மீறி ஏற்றினால் டயர் ரோட்டில் படும் இடம் சுருங்கிப்போகும். மழையில் உக்கடத்தில் பிரேக் பிடித்தபோது பின்சக்கரம் வழுக்கியது என்றாயே, அன்றைக்கு நான் ரோட்டைத்தான் திட்டினேன்.

அதற்காக ஒரேயடியாக இறக்கியும் விடாதே. காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடாகும், ஓரங்கள் தேயும், பெட்ரோல் குடிக்கும். உன்னுடையது டியூப் டயர் வேறு. பள்ளத்தில் விழுந்தால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே டியூப் நசுங்கிப் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும்.

இன்னொன்று. ஸ்டிக்கரில் உள்ள எண் டயர் ஆறியிருக்கும்போது பார்ப்பதற்கு. பொள்ளாச்சியிலிருந்து கிணத்துக்கடவு வரை ஓட்டிவிட்டு பெட்ரோல் பங்கில் அளந்தால் இரண்டு மூன்று பவுண்டு கூடத்தான் காட்டும். கூட இருக்கிறதே என்று இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைந்து நிற்கும். காலையில் கிளம்பும் முன் அளப்பதுதான் சரி. நைட்ரஜன் வைக்கட்டுமா என்று கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு அதுதான், காசை மிச்சம் பிடி.

பஸ் ஓட்டின காலத்தில் கம்பியால் தட்டிச் சத்தத்தை வைத்தே டயரைச் சொல்லிவிடுவேன். அந்தக் கெட்டிக்காரத்தனம் பைக்கில் செல்லாது. கட்டைவிரலால் அமுக்கினால் 20-ம் 30-ம் எனக்கே ஒன்றுபோலத்தான் இருக்கிறது. அதனால் முறுக்கு டப்பாவுக்கு அடியில் காற்று அளக்கும் சின்ன கேஜ் ஒன்று வைத்திருக்கிறேன். வால்வு மூடி ஒன்றைக் காணோம், புதுசும் அதோடு இருக்கிறது. அதைப் போடும் முன் வால்வில் எச்சில் தொட்டு வைத்துக் குமிழி வருகிறதா பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அளந்து, இரண்டு எண்ணையும் வாட்ஸப்பில் போடு. நடு தேய்ந்த அந்த டயரை அடுத்த மழைக்கு முன்னால் மாற்றிவிடலாம், பணம் நான் அனுப்புகிறேன்.

அப்பா