சுற்றறிக்கைக் குழுவில் கழித்தல் கணக்கு பேச முடியாது

பெருந்துறை, திருமூர்த்தி நகர், உத்தமசோழபுரம், மாயனூர், நாமக்கல் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவன முதல்வர்களுக்கு,

வணக்கம். தாளவாடியிலோ பர்கூரிலோ ஈராசிரியர் பள்ளியில் கணக்கு எடுப்பவருக்கு ஓர் ஐயம் வந்தால், பக்கத்து அறையில் கேட்க ஆளில்லை. அக்கம்பக்கப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டம் வரும்வரை பொறுக்க வேண்டியதுதான். இணையவழி ஆசிரியர் குழுக்கள் இந்தக் குறையைத் தீர்க்கலாம். ஆனால் இன்று ஓடும் வாட்ஸ்அப் குழுக்களில் எமிஸ் (பள்ளிக்கல்வித் துறையின் தகவல் பதிவுத் தளம்) நினைவூட்டல், சுற்றறிக்கை, பிறந்தநாள் வாழ்த்து, ரோஜாப்பூவோடு காலை வணக்கம் எல்லாம் ஒரே வாய்க்காலில் வருகின்றன. காலையில் கேட்ட கேள்வி மதியத்துக்குள் கண்ணில் படாமல் போய்விடும். அதைவிடப் பெரிய தடை, அதே குழுவில் அலுவலர்களும் இருப்பது. "என் வகுப்பில் பாதிப் பேருக்குக் கழித்தல் வரவில்லை" என்று மேலதிகாரி பார்க்க எந்த ஆசிரியர் எழுதுவார்?

முதலில் சுற்றறிக்கையையும் பாடப் பேச்சையும் பிரித்துவிடுங்கள். சுற்றறிக்கைக் குழுவில் அட்மின் மட்டும் பதிவிடட்டும். பாடம் பேச வேறு குழு வேண்டும்: ஒரே பாடம், ஒரே வகுப்பு நிலை, 25 முதல் 40 பேர், மாவட்ட எல்லை பாராமல். 1024 பேர் வரை சேர்க்கலாம் என்பதற்காகச் சேர்க்காதீர்கள்; கூட்டம் பெருத்தால் நாலைந்து பேர் பேசுவார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். பொறுப்பாளர் இருவர், பருவத்துக்குப் பருவம் மாற வேண்டும்.

"கழித்தல் வரவில்லை, ஐடியா சொல்லுங்க" என்று கேட்டால் பத்து யூடியூப் லிங்க் வரும், வேறொன்றும் வராது. வகுப்பு, பாடம், பிள்ளை எழுதிய விடையின் படம், இதுவரை செய்து பார்த்தது ஆகிய நான்கும் கேள்வியில் இருக்க வேண்டும். 52 − 27 = 35 என்றிருக்கும் நோட்டுப் பக்கத்தைப் பார்த்தால்தான் சிக்கல் பிடிபடும்: பிள்ளை ஒன்றுகள் இடத்தில் 7-லிருந்து 2-ஐக் கழித்திருக்கிறது; எந்த எண் மேலே இருந்தாலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பதுதான் அதற்குத் தெரிந்த விதி. இன்னும் இருபது கணக்குப் போட வைத்தால் இருபதும் அப்படியே தப்பாக வரும். பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து குச்சிக்கட்டும் இரண்டு ஒற்றைக் குச்சியும் கொடுத்து, 27-ஐ எடுக்கச் சொல்லுங்கள். ஒரு கட்டை அவிழ்க்காமல் ஏழு குச்சி எடுக்க முடியாது என்பது அதன் கைக்கே தெரிந்துவிடும்.

படத்தில் பெயர், முகம், எமிஸ் எண் எதுவும் கூடாது. 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது.

திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லித் தருபவர்களுக்குத் தனிக் குழு அவசியம். இந்தியில் நான்கு எழுத்தாகப் படித்த ககர ஒலிகளுக்குத் தமிழில் ஒரே 'க'வா என்று திகைக்கும் பிள்ளை பல பள்ளிகளில் இருக்கிறது. ஆசிரியர்கள்தான் ஒருவரையொருவர் அறியாமல் இருக்கிறார்கள்.

மலைப் பள்ளிகளை நினைத்து நேரலைக் கூட்டங்களைக் குறையுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் எழுத்தும் படமும் தாமதமாகவாவது போய்ச் சேரும்.

ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்கிறது தேசியக் கல்விக் கொள்கை 2020. அந்தக் கொள்கையோடு நம் மாநிலத்துக்கு உள்ள வழக்கு தனி. இந்தக் குழுக்களுக்கும் பயிற்சி மணிக்கணக்கு வைப்பதானால் பதிவுகளை எண்ணாதீர்கள். எண்ணினால் ஃபார்வர்டு பெருகும், வேறெதுவும் பெருகாது. பருவத்துக்கு ஒரு பக்கக் குறிப்பு வாங்குங்கள்: எந்தச் சிக்கல், என்ன செய்தார், முன்பும் பின்பும் பிள்ளைகள் எழுதிய விடைகள். ஆசிரியர் பயிற்றுநர் அதைப் படித்து, ஒரு வரியாவது பதில் எழுதிய பிறகு மணி நேரம் ஏறட்டும்.

வரும் ஜூனில் மாவட்டத்துக்கு ஓர் ஒன்றியம், அதில் நான்காம், ஐந்தாம் வகுப்புக் கணக்கு மட்டும் என்று தொடங்க ஆணையிடுங்கள்.

இப்படிக்கு,
கொங்கு மாவட்டங்களின் தொடக்க, நடுநிலைப்பள்ளி ஆசிரியர்கள் சிலர்