எடை கேட்காத இடத்துக்குப் போகாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் உங்கள் ஞாயிறு இணைப்பில் தென்னாப்பிரிக்காவில் குதிரைச் சவாரிச் சுற்றுலா பற்றி ஒரு பக்கம் முழுக்க வந்திருந்தது. படங்கள் அழகு, ஒத்துக்கொள்கிறேன். கடற்கரையில் வெள்ளைக் குதிரை, பின்னால் சூரியன் இறங்குகிறது, தலையில் ஹெல்மெட் கூட இல்லாமல் ஒரு பெண் கூந்தல் பறக்கப் போகிறாள். அதை நம்பி மதுரையிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ யாராவது பணம் கட்டிவிட்டு இங்கே வந்து இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்தேன், அதனால்தான் இந்தக் கடிதம். நான் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் 16 வருஷமாக இருக்கிறேன். கணக்கு எழுதும் வேலை, வயது 48. சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். அங்கே நான் பார்த்த குதிரையெல்லாம் அய்யனார் கோயில் மண் குதிரைதான், புரவியெடுப்புக்குத் தோளில் சுமந்து வருவார்களே, அது. உயிருள்ள குதிரை மேல் முதன்முதலாக ஏறியபோது எனக்கு 43.

அதுவும் தனியாக. அம்மாவிடம் போனில் சொன்னபோது "ஏண்டி, இந்த வயசுல குதிரை மேலயா, அதுவும் ஒத்தையிலயா" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "சரி, தலைக்கு ஏதாச்சும் போட்டுக்க" என்றாள். உங்கள் ஒரு பக்கக் கட்டுரையில் இந்த ஒரு வரி இல்லை.

முதல் தடவை நானும் படத்தைப் பார்த்துத்தான் இடம் பிடித்தேன். பெயர் வேண்டாம். டிராக்கன்ஸ்பெர்க் அடிவாரம் என்று போட்டிருந்தது, மலையும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பணம் கட்டும்வரை யாரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை, நான் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். போய் இறங்கியதும் ஒரு பையன் வந்து என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இருந்ததிலேயே சின்னக் குதிரையாக ஒன்றை அவிழ்த்து வந்தான். கொடுத்த ஹெல்மெட்டில் கீறல் விழுந்திருந்தது. நான்கு மணி நேரம் போய்த் திரும்பிச் சேணத்தை இறக்கியபோதுதான் பார்த்தேன், குதிரையின் முதுகில் இரண்டு பக்கமும் ரோமம் உதிர்ந்து, புண் ஆறியும் ஆறாமலும் கிடந்தது. அன்று ராத்திரி எனக்கும் உட்கார முடியவில்லைதான். ஆனால் நான் மறுநாள் காலை காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அதன் மேல் மறுநாள் வேறு யாரோ ஏறியிருப்பார்கள்.

அதற்கப்புறம் ஒரு வருஷம் கழித்து லிம்போபோ மாகாணத்தில் வாட்டர்பெர்க் பக்கம் ஓர் இடத்துக்கு எழுதினேன். வாட்டர்பெர்க் மலேரியா இல்லாத காடு, குதிரை மேல் போனால் வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் உங்களையும் இன்னொரு புல் தின்னியாக நினைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கும், ஜீப்பில் போனால் அது கிடைக்காது. எனக்கு அந்த ஆசை. அவர்கள் ஒரு படிவம் அனுப்பினார்கள். எடை எவ்வளவு, உயரம் எவ்வளவு, கடைசியாக எப்போது சவாரி செய்தீர்கள், யார் உதவியும் இல்லாமல் தரையிலிருந்து ஏறுவீர்களா, திறந்த வெளியில் கேன்டர் போகும் குதிரையை நிறுத்துவீர்களா, விழுந்திருக்கிறீர்களா. கல்யாணத்துக்கு ஜாதகம் கேட்பது போல இருந்தது. எடை 65 என்று எழுதினேன். கேன்டர் என்றால் என்னவென்றே தெரியாமல் ஆமாம் என்று எழுதக் கை வரவில்லை, இல்லை என்று எழுதினேன். (டிராட் என்கிற துள்ளு நடைக்கும் நாலுகால் பாய்ச்சலுக்கும் நடுவில் உள்ள ஓட்டம் அது, எனக்கு அப்போது தெரியாது.) இரண்டு நாளில் பதில் வந்தது: இப்போது வேண்டாம், பழகிக்கொண்டு வாருங்கள். பெரிய மிருகங்கள் இருக்கும் காட்டில் ஏதாவது எதிரே வந்தால் குதிரையைத் திருப்பி ஓட்டத் தெரியாதவர், கூட வருகிற எல்லோருக்கும் ஆபத்து என்று காரணமும் எழுதியிருந்தார்கள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. காசு கொடுக்கிறேன் என்கிறேன், வேண்டாம் என்கிறான். கோபம் தணிய ஒரு வாரம் ஆயிற்று. தணிந்த பிறகு புரிந்தது, என் காசை வாங்க மறுத்த ஒரே இடம் அதுதான், அதனாலேயே நம்பிப் போகக் கூடிய இடமும் அதுதான். துணையோடு போகிறவருக்குப் பக்கத்தில் "போதும், இறங்கு" என்று சொல்ல ஓர் ஆள் இருக்கும். தனியாகப் போகிறவருக்கு அதைச் சொல்ல வேண்டியது லாயக்காரர்தான். சொல்லத் தெரிந்தவராகப் பார்த்துப் பிடிக்க வேண்டியது நம் வேலை. நான் எழுத வந்ததே இதைத்தான்.

எடை விஷயத்தில் வெட்கப்படுகிறோம், அதனால் கேட்காத இடம் நல்ல இடமாகத் தோன்றிவிடுகிறது. குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை சுமக்கலாம் என்பது பலரும் வைத்திருக்கும் கணக்கு, அந்த ஐந்தில் ஒன்றில் சேணமும் சேர்த்தி. 400 கிலோ குதிரை என்றால் 80 கிலோ, அதில் சேணத்துக்கு எட்டோ பத்தோ கழித்துவிட்டால் உங்களுக்கு மிஞ்சுவது 70 சொச்சம். பல இடங்களில் 85, 90, 95 கிலோ என்று வரம்பு போட்டிருப்பார்கள். வரம்பே போடாத இடத்தில் அந்தக் கணக்கைக் குதிரையின் முதுகு கட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கேன்டர் கற்றுக்கொள்ள டர்பனுக்கு வெளியே ஷோங்வேனி பக்கம் எட்டு மாதம் சனிக்கிழமை தோறும் போனேன். முதல் நாளே அங்கிருந்த பெரியவர், ஜூலுக்காரர், தீவனம் நிறுக்கும் தராசைக் காட்டி ஏறச் சொன்னார். 74. அவர் ஒன்றும் சொல்லவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டார். நான்தான் கால்சட்டை கனம், பூட்ஸ் கனம் என்று ஏதேதோ உளறினேன். அங்கே மூன்று தடவை விழுந்தேன். ஜூலுவில் குதிரைக்கு இஹாஷி என்று பெயர், ஆங்கில வார்த்தையிலிருந்து வந்தது. பக்கத்து மலைநாடான லெசோத்தோவில் பேசும் செசோத்தோவில் பெரெ, அது டச்சு வழியாக வந்தது. குதிரையே இந்தத் தெற்கு முனைக்கு 1650களில் டச்சுக்காரர்களோடு கப்பலில் வந்ததுதானே, வார்த்தையும் கூடவே வந்துவிட்டது. நம் ஆட்கள் 1860இல் வந்திறங்கியபோது மாரியம்மன் கூடவே வந்த மாதிரி என்று பக்கத்து வீட்டு ஆயா சொல்வார்.

சரி, எங்கே போவது. உங்கள் கட்டுரை எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைத்துவிட்டது, ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளுக்கு. ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில் வைல்ட் கோஸ்ட் என்று சொல்லும் கரை, மணலில் ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு. அங்கே ஆற்று முகங்களைக் கடக்க வேண்டும், கடல் வற்றும் நேரத்தைப் பார்த்துத்தான் கிளம்புவார்கள், சில இடங்களில் குதிரை நீந்தும், தண்ணீர் என்றால் நடுங்குகிற ஆள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வாட்டர்பெர்க் யாருக்கு என்று மேலே சொல்லிவிட்டேன். டிராக்கன்ஸ்பெர்க்கில் ஒரு மணி, இரண்டு மணி நேரச் சவாரிகள் கிடைக்கும், முதல் தடவை போகிறவர் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு ஐந்து ஆறு மணி நேரம் சேணத்தில் என்று அச்சில் பார்க்க ஒன்றும் தெரியாது, மறுநாள் காலை படுக்கையிலிருந்து எழும்போது தெரியும்.

எந்த மாதம் என்பதையும் யாரும் சொல்வதில்லை. கோடையில் (இங்கே அது டிசம்பர் முதல் பெப்ரவரி வரை) டிராக்கன்ஸ்பெர்க்கிலும் லெசோத்தோவிலும் மதியத்துக்கு மேல் இடி மின்னல், வெட்டவெளியில் குதிரை மேல் இருக்க வேண்டிய நேரமே இல்லை. கோடைக் கடைசியில் இந்த நாட்டுக் குதிரைகளுக்கு ஒரு கொள்ளை நோய் வரும், ஆப்பிரிக்கக் குதிரை நோய் என்றே பெயர், கண்ணுக்குத் தெரிகிறதா இல்லையா என்கிற மாதிரி ஒரு பூச்சி கடித்துப் பரவும், பிடித்தால் பெரும்பாலும் பிழைக்காது. மனிதருக்கு வராது, பயப்பட வேண்டாம். முதல் உறைபனி விழுந்தால் பூச்சி அடங்கும். அக்கறையுள்ளவர்கள் வருஷா வருஷம் தடுப்பூசி போட்டு, பூச்சி கிளம்பும் அந்தி நேரத்துக்குள் குதிரையை லாயத்தில் அடைத்துவிடுவார்கள். அந்திச் சவாரி என்று பெப்ரவரியில் விற்கிற ஆளிடம் இதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், முகம் மாறுகிறதா என்று. ஏப்ரல் கடைசியும் மே மாதமும் எனக்குப் பிடித்த நேரம், மழை ஓய்ந்து புல் மஞ்சளாகத் தொடங்கியிருக்கும். ஜூன் ஜூலையில் லெசோத்தோ மலையில் பனி பெய்யும்.

தனியாகப் போவது பற்றி ஆளாளுக்கு அபிப்பிராயம் சொல்கிறார்கள், போகாதவர்கள்தான் அதிகம் சொல்கிறார்கள். உண்மையில் குதிரைச் சவாரி மாதிரி தனி ஆளுக்குத் தோதான விடுமுறை வேறு இல்லை. ஆறேழு பேர் ஒருவர் பின் ஒருவராகப் போகிறோம், புருஷனோடு வந்தவளும் முன்னால் போகும் குதிரையின் வாலைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறாள். ராத்திரி எல்லோருக்கும் ஒரே மேசை. இடிக்கிற இடம் கட்டணம். ஓர் ஆளுக்கு ஓர் அறை என்றால் கூடுதலாகப் போடுகிறார்கள், சில இடங்களில் அது நல்ல தொகை. தனியாக வரும் இன்னொரு பெண்ணோடு அறையைப் பகிர்ந்தால் தள்ளுபடி உண்டா என்று கேளுங்கள், கேட்டால்தான் சொல்வார்கள். குழுவுக்கு எத்தனை வழிகாட்டி, நான் விழுந்தால் என்னோடு நிற்பது யார், மற்றவர்களைக் கூட்டிப் போவது யார் என்றும் கேளுங்கள். பயணக் காப்பீட்டுத் தாளில் குதிரைச் சவாரி விலக்கு என்று சின்ன எழுத்தில் இருக்கலாம், இருந்தால் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட் சொந்தமாக வாங்குங்கள், குதிகால் உள்ள பூட்ஸ் போடுங்கள், இல்லாவிட்டால் கால் அங்கவடிக்குள் முழுசாக நுழைந்து மாட்டிக்கொள்ளும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், உள்தொடைத் தையல் செய்கிற வேலையை இங்கே விவரிக்க முடியாது.

போன மே மாதம் லெசோத்தோவில் செமோன்காங் போனேன். எங்கள் பக்கத்திலிருந்து மலையேறிப் போகும் சானி கணவாய் என் சின்ன காருக்கு ஆகாது, நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியைத்தான் விடுவார்கள், அதனால் சுற்றிக்கொண்டு லெசோத்தோவின் தலைநகர் மசேரு வழியாக. தென்னாப்பிரிக்கா சுற்றி வளைத்த நாடு என்றாலும் பாஸ்போர்ட் வேண்டும், எங்கள் பணமான ராண்ட் அங்கேயும் செல்லும். ராத்திரி ஓட்டக் கூடாது, ரோட்டில் ஆடு மாடு, சில நேரம் குதிரையே நிற்கும். பாசுட்டோ குதிரை உருவத்தில் சின்னது, முந்தைய நூற்றாண்டுகளில் கேப் என்கிற தெற்கு முனையிலிருந்து மலைக்கு வந்து மலைக்கேற்ற காலோடு தேறியது. மொஷ்வேஷ்வே ராஜா காலத்தில் குதிரை ஏறத் தொடங்கிய ஜனங்கள், இன்றைக்கும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கடைக்குக் குதிரையில்தான் வருகிறார்கள். வழிகாட்டி ஒரு வயசானவர். பெரியவர்களை ந்தாத்தே என்று கூப்பிட வேண்டும், எனக்குத் தாத்தா என்றே காதில் விழுந்தது. அவர் என்னை ம்மே என்றார், அம்மா என்று அர்த்தம். எந்தப் படிவமும் தரவில்லை, ஆனால் ஏறச் சொல்லி, நடக்கவிட்டு, டிராட் விட்டு, சுற்றி வந்து பார்த்துவிட்டு, இறங்கச் சொல்லி வேறு பெரிய குதிரையைக் கொண்டுவந்தார். அதுவும் படிவம்தான்.

மலெட்சுன்யானே அருவி 192 மீட்டர், எதிர்ப் பக்கத்து விளிம்பில் நின்று பார்க்க வேண்டும். அதைவிட எனக்கு நினைவிருப்பது அடுத்த நாள் இறங்கிய ஒரு சரிவு. படிக்கட்டு மாதிரி பாறை, பக்கத்தில் பள்ளம். நான் பயத்தில் கடிவாளத்தை இறுக்கிப் பிடிக்க, குதிரை தலையைத் தூக்கிக்கொண்டு நகர மாட்டேன் என்று நின்றுவிட்டது. தாத்தா திரும்பிப் பார்த்து, இரண்டு கையையும் திறந்து காட்டினார், விடு என்று. விட்டேன். அது மூக்கைத் தரையோடு வைத்து, ஒவ்வொரு கல்லாக மோந்து பார்த்து, ஒரு காலை வைத்து, நிறுத்தி, அடுத்த காலை வைத்துக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்தது. நான் பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்று சொன்னது மட்டும்தான் என் பங்கு. அன்று ராத்திரி கிராமத்துக் குடிசையில் பாப்பாவும் மொரோஹோவும் போட்டார்கள், மக்காச்சோளக் களியும் கீரையும். நான் சைவம் என்றால் பண்ணை வீடுகளில் கோழி வைக்கிறவர்கள் உண்டு, இங்கே அந்தத் தொந்தரவே இல்லை.

அடுத்த வருஷம் மே மாதத்துக்கு வாட்டர்பெர்க்காரர்களுக்கு மறுபடி எழுதியிருக்கிறேன். அதே படிவம்தான் வந்தது. கேன்டர் என்ற இடத்தில் ஆமாம், விழுந்திருக்கிறீர்களா என்ற இடத்தில் மூன்று தடவை. எடை 73 என்று எழுதினேன், அன்று காலை பார்த்த எடை அது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்